பாண் வண்டியின் டெப்பட்

யசோதாவிடம் யாரும் சும்மா சுகம் விசாரிக்க மாட்டார்கள். விசாரித்தால் அவள் உள்ளதைச் சொல்லிவிடுவாள். தன் முழங்கால் வலியையும் சொல்வாள், விசாரித்தவரின் புதுச் சட்டை அவருக்கு எடுப்பாக இல்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்வாள்.

புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மூன்று வருடம் கொழுந்து பறித்தாள். ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில், துரை பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, "கணக்கப்புள்ள ஐயா, ஒங்க கால கூடைக்கு அடியில இருந்து எடுங்க. நீங்க தாங்கிக்கிட்டு நின்னா தராசு என்னத்தக் காட்டும்?" என்று கேட்டாள். அன்று எல்லோருக்கும் நிறை சரியாக விழுந்தது. அடுத்த மாதமே வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிட்டார்கள். இவளைத் தோட்டத்தில் வைத்திருந்தால் வம்பு என்று அப்பனுக்குப் பயம்.

அகப்பட்டவர் செல்லச்சாமி. கம்பளை டவுனுக்கு மேலே, மேட்டில் இரண்டு அறை வீடு. நல்ல மனுஷன். ஒரே குறை, யார் எதைச் சொன்னாலும் "ஆமா" என்பார். கராஜ்காரன் சொன்னாலும் ஆமா, கடைக்காரன் சொன்னாலும் ஆமா. பதினாலு வருடமாக அவருக்கும் சேர்த்து "இல்லை" சொல்லிச் சொல்லித்தான் யசோதாவின் தொண்டை அப்படித் தடித்தது.

செல்லச்சாமி பாண் கொண்டுபோகிறவர். முனாப் முதலாளியின் பேக்கரியில் விடியற்காலை பாண் ரொட்டி ஏற்றி, பழைய ஹொண்டா நைன்டியின் பின்னால் மரப்பெட்டி கட்டி, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மேலே ஏறுவார். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் பெரட்டுக்குப் போகும் முன்பு பாண் போய்விட வேண்டும். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பிவிட்டால், அதற்குப் பிறகு லயத்தில் இருப்பது கிழடுகளும் தொட்டில் பிள்ளைகளும்தான். அவர்கள் எத்தனை பாண் தின்பார்கள்? ஆறரைக்கு முன்னால் போனால் பெட்டி காலி. ஏழு மணிக்குப் போனால் பாதிப் பெட்டி அப்படியே திரும்பி வரும்.

தொண்ணூற்றேழாம் வருடம் அந்த வண்டிக்கு ஒரு சத்தம் இருந்தது. இஞ்சின் தலையில் டிக் டிக் என்று சின்னச் சத்தம். வண்டி ஓடும், ஏறும், ஒரு குறையும் இல்லை. ஆனால் கராஜ் வைத்திருந்த ராஜலிங்கம் பாஸுக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. வண்டி திருத்துகிறவரை அங்கே பாஸ் என்றுதான் சொல்வார்கள். செல்லச்சாமிக்கு மச்சான் முறை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வழியில் மறித்துவிட்டார்.

"என்னா மாப்புள, ஓட்டுறது மோட்டசைக்கிளா தையல் மெசினா? டெப்பட் சத்தம் தெரு முழுக்கக் கேக்குது. எனக்கு வெக்கமா இருக்குயா. வுடு, பூன நடக்குற மாதிரி ஆக்கித் தாறேன்."

செல்லச்சாமி "ஆமா" என்றார். வேறென்ன சொல்வார்?

சந்தைக்கு வந்த யசோதா மரக்கறிப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்சினுக்குள்ளே காற்றும் பெற்றோலும் போக ஒரு வால்வு, புகை வெளியே வர ஒரு வால்வு. ஒவ்வொன்றையும் ஒரு சின்ன இரும்புக் கை தட்டித் திறக்கிறது. அந்தக் கையின் நுனியில் ஒரு திருகாணி. அதுதான் டெப்பட். ராஜலிங்கம் திருகாணியைக் கொஞ்சம் இறுக்குவார், ஸ்டார்ட் செய்வார், ஸ்க்ரூட்ரைவரை இஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார், மறுபடி இறுக்குவார். ஏழெட்டுத் தரம் அப்படிச் செய்த பிறகு சத்தம் அடியோடு நின்றது. கராஜில் நின்ற நாலு பேரும் "சே, என்னா வேல!" என்றார்கள்.

திங்கட்கிழமை விடிய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இருபது உதை உதைத்த பிறகு இருமிக்கொண்டு எழும்பியது. கம்பளை டவுனுக்குள் நன்றாகத்தான் ஓடியது. ஏற்றத்தில் நாலாவது வளைவில் மூச்சு வாங்கி, ஐந்தாவது வளைவில் நின்றுவிட்டது. செல்லச்சாமி அரை மணி நேரம் ரோட்டோரம் குந்தியிருந்தார். வண்டி ஆறியதும் மறுபடி ஏறியது, மறுபடி நின்றது. பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு பாண் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. செவ்வாயும் அதே கதை. புதன் அதைவிட மோசம்.

வியாழக்கிழமை முனாப் முதலாளி திரும்பி வந்த பாணைப் பார்த்துவிட்டுச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இந்தா பாரு செல்லச்சாமி, கோவிச்சுக்காத. பெரட்டுக்குப் பிந்திப் போற பாண் எனக்கு வேணாம். வார திங்கக்கெழம வரக்கும் பாக்குறன். அன்டைக்கும் பெட்டியில பாண் திரும்பி வந்தா, புசல்லாவ லைன த்ரீவீல்காரனுக்குக் குடுத்துடுவன். அவன் கேட்டுக்கொண்டேதான் ஈக்கிறான்."

வண்டி ராஜலிங்கத்திடம் போனது. அவர் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது டெப்பட் இல்ல மாப்புள. வயசான இஞ்சின். தல எறக்கணும். கழட்டி கண்டிக்கு அனுப்பி, வந்து, பூட்டி, ஒரு பத்து நாள் போவும்."

செல்லச்சாமி வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து இதைச் சொன்னார். பத்து நாள் வண்டி இல்லை என்றால் லைன் இல்லை. லைன் இல்லை என்றால் கம்பளையில் அவர் செய்ய வேறு வேலையும் இல்லை. மறுபடி தோட்டத்துக்கு ஏறிப் பேர் பதிய வேண்டியதுதான். யசோதா எந்த வாசலில் இருந்து இறங்கினாளோ, அதே வாசலில் போய் நிற்க வேண்டும்.

"ஏங்க, சனிக்கெழம வரைக்கும் வண்டி ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"சத்தத்தோட?"

"ஆமா."

"அவரு சத்தத்த நிப்பாட்டுனாரு. அன்னையில இருந்து வண்டியும் நிக்கிது. இதுல கண்டிக்கு அனுப்ப என்னா இருக்கு?"

"பாஸ் சொல்றாரே..."

"பாஸ் சொன்னா? ஆறுனா ஏறுது, சூடானா நிக்கிது. அத அவருக்கிட்ட சொன்னீங்களா?"

செல்லச்சாமி சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்லுவார்.

சூட்டில் இரும்பு நீளும் என்பதை அடுப்போடு மாரடிக்கிறவளுக்கு யாரும் படித்துக் கொடுக்கத் தேவையில்லை. ஆறின டம்ளரைச் சூடான டம்ளருக்குள் செருகிவிட்டு இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வால்வுக்கும் அந்த இரும்புக் கைக்கும் நடுவே ஒரு பொடி இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் இரும்பு தட்டியதுதான் டிக் டிக். ராஜலிங்கம் இடைவெளியை மூடிவிட்டார். இப்போது சூட்டில் வால்வு நீள இடம் இல்லை. நீண்டால் சரியாக மூடாமல் நிற்கும். மூடாத பானையில் ஆவி நிற்குமா? இதுதான் யசோதா போட்ட கணக்கு.

வண்டி வாங்கும்போது வந்த சின்னப் புத்தகம் சீற்றுக்கு அடியில் பொலித்தீன் பையில் கிடந்தது. இங்கிலீஷ். எழுத்து அவளுக்கு எட்டவில்லை, ஆனால் படமும் இலக்கமும் யாருக்கும் ஒன்றுதான். டெப்பட் படத்துக்குப் பக்கத்தில் 0.05 என்று போட்டிருந்தது. ஒரு மில்லிமீட்டரை இருபதாய்ப் பிளந்தால் அதில் ஒன்று.

வெள்ளிக்கிழமை இரும்புக் கடைக்குப் போய், டெப்பட் அளக்கிற தகடு கேட்டாள். கடைக்காரர் அலுமாரியில் இருந்து எடுத்து வைத்தார். விசிறி மாதிரி விரிகிற மெல்லிய இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம்.

"தங்கச்சிக்கு எதுக்கு இது? மாமியார் நாக்கு அளக்கவா?"

"மாமியார் போய்ச் சேந்துட்டாங்கண்ணே. கடையில பேசியே நேரத்தக் கடத்துறவங்க நாக்க அளக்கத்தான். பெருசு இருந்தா குடுங்க."

கடைக்காரர் மளமளவென்று தகட்டை மடித்தார். தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் பெரட்டு இல்லை, பாணும் இல்லை. சனிக்கிழமை பகலிலிருந்து வண்டி நின்றபடியால் இஞ்சின் பச்சைத் தண்ணீர் போல ஆறிக் கிடந்தது. அப்படித்தான் செய்ய வேண்டும், சூட்டோடு அளந்தால் அளவு பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. கொல்லையில் அரிசிச் சாக்கை விரித்தாள். கழற்றுகிற நட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரட்டை. பிளக்கைக் கழற்றினாள், கையால் சுற்ற லேசாக இருக்கும். இடப்பக்கத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த சக்கரத்தில் T என்று ஒரு குறி. அந்தக் குறி மேலே வந்து நேராக நிற்கும்போதுதான் அளக்க வேண்டும் என்று படத்தில் இருந்தது.

இந்த வண்டியில் ஒரு டெப்பட் மேலே, ஒன்று கீழே. கீழேயுள்ளதைப் பார்க்க மண்ணில் மல்லாந்து படுக்க வேண்டும். படுத்தாள். கீழ் மூடியைத் திறந்ததும் கறுப்பு எண்ணெய் கழுத்தில் வடிந்தது.

"ஐயோ, யாராச்சும் பாக்கப் போறாங்க!" என்றார் செல்லச்சாமி.

"பாக்கட்டும். பாண் இல்லாம திரும்பி தோட்டத்துக்கு ஏறுனா யாரும் பாக்க மாட்டாங்களா? அந்த ஒம்போதாம் நம்பர் ஸ்பேனர எடுங்க."

T குறியை நேராக வைத்துத் தகட்டைச் செருகிப் பார்த்தாள். மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. "பாத்தீங்களா? மூடி வச்சிருக்காரு பாவி." இரண்டையும் தளர்த்தித் தகடு போகிற அளவுக்கு வைத்தாள். பூட்டினாள். செல்லச்சாமி உதைத்தார்.

வண்டி கத்திய கத்தலில் மாமரத்துக் காக்கை எல்லாம் எழும்பிப் போனது. டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற சத்தம். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த றம்லத் எட்டிப் பார்த்தாள்.

"யசோதாக்கா, ஒங்கட பைக்குக்குக் குளிர் காய்ச்சலா ஈக்கி? பல்லுக் கிடுகிடுக்குதே!"

"ஆமா, ஒன் மூஞ்சப் பாத்து நடுங்குது. போய்த் துணியக் காயப் போடுடி."

சொன்னாளே தவிர, யசோதா உடனே வண்டியை நிறுத்தினாள். செல்லச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளைக்கித்தான் திங்கக்கெழம" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

இஞ்சின் இப்போது சூடு. ஆறும் வரைக்கும் தொடக்கூடாது. யசோதா கையைக் கழுவிவிட்டு உலை வைத்தாள், நெத்தலி பொரித்தாள், பருப்புத் தாளித்தாள். கை தன்பாட்டில் வேலை செய்தது, புத்தி கொல்லையில் கிடந்தது. இறுக்கி வைத்தது தப்பு, சரி. நான் அளந்துதானே வைத்தேன்? அளந்து வைத்தது எப்படி இவ்வளவு ஆடும்?

சாப்பிட்ட பிறகு மறுபடி புத்தகத்தை விரித்தாள். படத்தில் T குறியோடு இரண்டு வால்வும் இறுக மூடி இருந்தன. இரும்புக் கைகள் சும்மா நின்றன. காலையில் அவள் தொட்டபோது அந்தக் கைகள் சும்மாவா நின்றன? இல்லையே.

இரண்டு மணிக்கு இஞ்சின் ஆறியிருந்தது. மறுபடி சாக்கு, மறுபடி சிரட்டை. இந்தத் தடவை ஒன்றையும் திருகாமல், ஒரு கையை மேல் டெப்பட்டில் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினாள். T குறி வந்தது. இரும்புக் கை அசையவில்லை, உள்ளே இருந்து எதுவோ அழுத்திப் பிடித்திருந்தது. நிறுத்தவில்லை. இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றினாள். மறுபடி T வந்தது. இந்தத் தடவை கை லொடலொட என்று ஆடியது. கீழே படுத்துத் தொட்டாள். அதுவும் ஆடியது.

"இந்தாங்க, இங்க வாங்க! T ரெண்டு தரம் வருது!"

"ரெண்டு தரமா?"

"ஒரு வேலைய முடிக்க இந்தச் சனியன் ரெண்டு சுத்து சுத்துது. ஒரு T வேல நடக்கும்போது வருது. மத்தது வேல முடிஞ்சு கைய வுட்டுட்டு நிக்கும்போது வருது. நான் வேல நடக்குறப்ப போய் அளந்திருக்கேன். நீங்க சோறு தின்னும்போது ஒங்க இடுப்ப அளந்த மாதிரி."

செல்லச்சாமி சிரித்துவிட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பிறகு வேலை ஓடியது என்று சொல்ல முடியாது. தகட்டைச் செருகித் திருகாணியை அளவாக வைப்பாள், பூட்டு நட்டை இறுக்கும்போது திருகாணியும் கூடவே திரும்பி இடைவெளி போய்விடும். நட்டை இறுக்க ஒரு கை, திருகாணியைப் பிடிக்க ஒரு கை, தகட்டைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? மூன்று தடவை பிழைத்தது. நாலாவது தடவை செல்லச்சாமியைச் சாக்கில் படுக்க வைத்து, திருகாணியைப் பிடிக்கிற சாவியை அவர் கையில் கொடுத்து, "சின்னச் சாவியப் பிடிங்க, மூச்சு விடாதீங்க" என்றாள். அவர் மூச்சே விடவில்லை. நட்டு இறுகியது. தகட்டை இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டும் வரவில்லை, சிக்கவும் இல்லை. அரிசி வாளிக்கு அடியில் இருக்கிற காகிதத்தைக் கிழியாமல் இழுத்தால் எப்படி வருமோ அப்படி வந்தது. மேலேயும் அதே மாதிரி வைத்தாள். இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி இரண்டையும் அளந்து பார்த்தாள். அதே இழுவை.

பிளக்கைப் பூட்டினார்கள். இரண்டாவது உதையிலேயே வண்டி எழும்பியது.

டிக் டிக் டிக் டிக்.

"சத்தம் வருதே!" என்றார் செல்லச்சாமி, பழைய பயத்தோடு.

"வரட்டும். அந்தச் சத்தம் வந்தாத்தான் எடைவெளி இருக்குன்னு அர்த்தம். ஒங்க மச்சான் அதத்தானே மூடி வச்சாரு."

திங்கட்கிழமை செல்லச்சாமி இருட்டோடு பாண் ஏற்றப் போனார். யசோதா வாசலில் நின்று கேட்டாள். அவர்கள் வீட்டு மேட்டில் இருந்து ஏற்றத்தின் முதல் மூன்று வளைவுச் சத்தமும் கேட்கும். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. அதற்கு மேலே மலை மறைத்துவிட்டது. நாலாவதும் ஐந்தாவதும் கடவுள் பாடு.

எட்டு மணிக்கு மேல் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. நேராகப் பேக்கரிக்கு நடந்தாள். வாசலில் த்ரீவீல் நின்றது. ஓட்டுகிறவன் பணிஸ் தின்றுகொண்டு, ஏற்கெனவே லைன் தனக்குத்தான் என்கிற மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்ன புள்ள, காலங்காத்தால?" என்றார் முனாப் முதலாளி.

"இன்னக்கித் திங்கக்கெழமன்னு சொன்னீங்களாமே முதலாளி. அதான் பாக்க வந்தேன்."

"வா, இரி. டீ ஒன்டு குடிக்கிறியா?"

"வண்டி வரட்டும்."

வண்டி வந்தது. ஆளைக் காணும் முன்பே டிக் டிக் கேட்டது. செல்லச்சாமி இறங்கி, பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பாண் துகளும் ஒரு பழைய பேப்பரும்தான் இருந்தன. முனாப் குனிந்து பார்த்தார். பேப்பரையும் தூக்கிப் பார்த்தார்.

"எத்துன மணிக்குப் போன?"

"ஆறே காலுக்கு மேல் லயத்துல நின்னேன் முதலாளி. வழியில ஒரு எடத்துலயும் நிக்கல. கீழ் லயத்துல பத்தாமப் போச்சு."

"அப்ப ராஜலிங்கம் தல எறக்கணும் என்டு சொன்னானே? வேற எந்த பாஸ்கிட்டக் காட்டின?"

வழக்கமாக இப்படிக் கேட்டால் செல்லச்சாமி எங்காவது பார்த்துக்கொண்டு, ஏதோ செஞ்சோம் முதலாளி என்று இழுப்பார். யசோதாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார். மாப் பிசைகிற ஆட்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இந்தா நிக்கிறாளே முதலாளி, இந்த பாஸ்தான். மண்ணுல படுத்து டெப்பட்டுக்கு எடைவெளி வச்சுக் குடுத்தா. நான் சாவி பிடிச்சேன், அவ்வளவுதான்."

உள்ளே மாப் பிசைகிற சத்தம் நின்றது. த்ரீவீல்காரன் பணிஸை மெல்லுவதை விட்டான். முனாப் யசோதாவின் கைகளைப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தும் நகத்தடியில் கறுப்பு எண்ணெய் போகாமல் இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"மெய்யா புள்ள?"

"மெய்தான் முதலாளி. பொய் சொல்ல மாட்டேன், மொதத் தடவ பெழச்சுப் போச்சு. ரெண்டாந் தடவதான் சரிவந்துச்சு."

முனாப் த்ரீவீல்காரன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க டவுன்லயே ஓடுங்க. மேல லைன் இவங்களோடதான்." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "நாளைக்குப் புசல்லாவைக்குப் பத்துப் பாண் கூடப் போடுங்க!"

"பத்துப் பாணா?" என்றாள் யசோதா. "இந்தப் பெட்டி கொள்ளாது. பெரிய பெட்டி அடிச்சுக் குடுங்க, கொண்டுபோறோம்."

முனாப் வாய்விட்டுச் சிரித்தார். "செல்லச்சாமி, டெப்பட்டுக்கு இடைவெளி வெச்ச மாதிரி ஒன்ட பொஞ்சாதிட வாய்க்கும் கொஞ்சம் வெக்க ஏலாதா?"

"இடைவெளி வச்சா சத்தம் கூடத்தான் வரும் முதலாளி" என்றாள் யசோதா. "இப்ப அந்த டீயக் குடுங்க."

புதன்கிழமை தச்சன் வந்து வண்டியின் பின்பக்கத்தை அளந்துகொண்டு போனான். அளவு சொன்னவள் யசோதா.